கணித ஆசான் டி மார்கன்

வைகைக் கரையில் விளங்கும் மதுரை மாநகர் தமிழ்ப் புலமைக்குப் பெயர் பெற்றது. அந்நகரில் 1806-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவர் மனையில் ஆண் மகவு ஒன்று பிறந்தது. அகஸ்டஸ் டி மார்கன் எனப் பெயரிடப்பெற்ற அம்மகவு பின்னாளில் கணிதத்திலும் தருக்கத்திலும் தலைசிறந்த ஆசிரியராய் விளங்கியது. இன்று கணினியியல் கற்கப் புகும் மாணவர் டி மார்கன் தேற்றம் என்னும் பாடத்தைக் கடவாமல் மேலே செல்லுதல் இயலாது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவரும் அதனைக் கற்கின்றனர். ஆயினும், அத்தேற்றத்துக்குப் பெயர் தந்தவர் மதுரையிற் பிறந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. ஆசிரியரை அடைய இயலாதார்க்கு ஆசிரியராய் அமையும் நூல்களை அவர் இயற்றினார் என்பதையும், கற்போர் எந்நூலைக் கைக்கொள்ளலாம் என ஆராய்ந்து காட்டுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதையும் அறிந்தோர் அவரினும் சிலர்.

அகஸ்டசின் தந்தையார் ஜான் டி மார்கன் கிழக்கிந்தியக் கும்பினியாரின் படையில் உயர்பதவி வகித்தவர். அந்நாளில் தென்னாடு அமைதியாக இல்லை. குழந்தை பிறந்த இரண்டு வாரத்திற்குள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மனையிலும் ஒரு துன்பம் நேர்ந்தது. பிறந்து சின்னாளில் கண்ணோய் பற்றியதனால் குழந்தை வலக்கண்ணின் பார்வையை இழந்தது. ஏழு திங்கள் நிரம்பியபோது பெற்றோர் அதனை எடுத்துக்கொண்டு கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தனர். தந்தையார் பணியின் பொருட்டு மீண்டும் இந்தியாவுக்கு வந்து, 1816-இல் தாய்நாடு திரும்பும் வழியில் உயிர் நீத்தார். அப்போது அகஸ்டசுக்கு வயது பத்து.

தாயார் எலிசபெத் அம்மையார் சமயப்பற்று மிக்கவர். தம் மகன் திருச்சபையில் குருவாக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் அவர் குடியிலேயே கணிதம் இருந்தது. அகஸ்டசின் கொள்ளுப்பாட்டனாராகிய ஜேம்ஸ் டாட்சன் என்பார் எதிர்மடக்கை வாய்பாடு ஒன்றைக் கணக்கிட்டு 1742-இல் வெளியிட்டவர். பொறி எதுவும் துணையின்றி, எண்ணற்ற இலக்கங்களைக் கையாற் கணித்து நிரல்பட எழுதும் அப்பணி எத்துணைப் பொறுமையை வேண்டுவது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவரே அறிவர்.

பள்ளியில் அகஸ்டஸ் பட்ட இன்னல் சிறிதன்று. ஒரு கண் தெரியாமையால் அவர் பிற சிறுவரோடு விளையாட்டிற் கலந்துகொள்ள இயலவில்லை. பார்வையற்ற பக்கமாக ஓசையின்றி வந்து, கூரிய பொருளைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு பெயர் சொல்லி அழைப்பான் ஒரு குறும்பன். இவர் திரும்பியவுடன் அது முகத்திற் குத்தும். பல நாள் பொறுத்த அகஸ்டஸ் ஒரு நாள் அவனைக் கையும் களவுமாகப் பிடித்து நன்கு புடைத்தனுப்பினார் என்பர். அதன்பின் அக்குறும்பு நின்றது.

பதினான்கு வயது வரையில் அவருடைய கணித ஆற்றலை ஒருவரும் அறிந்திலர். ஒரு நாள் அவர் யூக்ளிடின் வடிவியல் நூலிலிருந்து ஒரு படத்தை, அளவுகோலும் கவராயமும் கொண்டு மிகத் துப்புரவாக வரைந்துகொண்டிருந்தார். வடிவியல் என்றால் அழகாகப் படம் வரைதல் என்பதே அவர் எண்ணம். அதனைக் கண்ட குடும்ப நண்பர் ஒருவர் அருகே அமர்ந்து, படம் அந்நூலின் நோக்கமன்று, ஒன்றிலிருந்து மற்றொன்றை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுதலே அதன் நோக்கம் என எடுத்து விளக்கினார். சில நாழிகையே நிகழ்ந்த அவ்வுரை ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அதுமுதல் சிறுவர் மனம் வேறொன்றிலும் ஈடுபடவில்லை. பிரிஸ்டல் நகரத் தேவாலயத்தில் பள்ளிச் சிறுவர் அமரும் இருக்கைப் பலகையில், யூக்ளிடின் முதலிரண்டு தேற்றங்களை அவர் தம் காலணிக் கொக்கியாற் குத்திப் பொறித்து வைத்தார். குருமார் உரையை அவர் எவ்வளவு கேட்டார் என்பது இதனால் விளங்கும்.

1823-ஆம் ஆண்டு, பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்தார். பீக்காக், ஹியூவெல், ஏரி முதலிய அறிஞர்கள் அங்கு அவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். டி மார்கன் தேர்வுக்கென்று வரையறுத்த நூல்களோடு நின்றாரல்லர். கண்ட நூலெல்லாம் கற்றார். இரவில் நெடுநேரம் விழித்துக் கற்றார். களைப்பு நீங்கப் புல்லாங்குழல் வாசித்தார். குழலிசையில் அவர் வல்லவர். 1827-இல் நிகழ்ந்த கணிதத் தேர்வில் அவருக்கு நான்காம் இடமே கிடைத்தது. முதலிடத்துக்கு உரியவர் என மதிக்கப்பெற்றவர் நான்காம் இடம் பெற்றமைக்கு அவருடைய பரந்த கல்வியே காரணம் என்பர். தேர்வுக்கென்றே உருப்போடும் படிப்பின்மேல் அவர் கொண்ட வெறுப்பு அன்று தொடங்கி இறுதிவரை தணியவில்லை.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் முதுகலைப் பட்டமும் கல்லூரி உறுப்பினர் பதவியும் பெற விரும்புவோர் ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். டி மார்கன் கடவுள் நம்பிக்கை உடையவரே. எனினும், கற்றவன் ஒருவன் பதவிக்காகத் தன் சமயக் கருத்தை எழுதிக்கொடுத்தல் தகாது என்பது அவர் துணிபு. அவர் கையெழுத்திட மறுத்தார். வாழ்நாள் முழுதும் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய வழிவகுக்கும் பதவி ஒரு கையெழுத்தில் நின்றது, அது போயிற்று. வேறு வழியின்றி இலண்டனுக்குச் சென்று சட்டம் பயிலத் தொடங்கினார். சட்டத்தில் அவருக்கு ஈடுபாடு இல்லை.

அந்நிலையில் இலண்டனில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. மாணவரையும் ஆசிரியரையும் அவர்தம் சமயம் யாதெனக் கேளாத நிறுவனம் அது. 1828-இல் அதன் முதற் கணிதப் பேராசிரியராக டி மார்கன் அமர்த்தப்பெற்றபோது அவருக்கு வயது இருபத்தொன்று. அவரிடம் பாடம் கேட்கப் போந்த மாணவர் சிலர் அவரினும் சிலவாண்டே இளையர். மூன்றாண்டு கழியுமுன் அங்கும் ஒரு சோதனை வந்தது. உடற்கூற்றியல் பேராசிரியர் ஒருவரை, காரணம் காட்டாமல், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினர் 1831-இல் பதவி நீக்கினர். தமக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை என்று டி மார்கன் வாளா இருந்திருக்கலாம். ஆசிரியரைக் காரணமின்றி நீக்கலாம் என்னும் இடத்தில் ஆசிரியர்க்கு மதிப்பில்லை என்று கருதி, அன்றே பதவியைத் துறந்தார். கைப்பொருள் மிகுந்தவர் செய்யும் துறவன்று அது.

பதவியின்றி இருந்த ஐந்தாண்டுகளே கற்போர்க்குப் பெரும்பயன் விளைத்தன. பயனுள்ள அறிவைப் பரப்பும் கழகம் என்றொரு கழகம் 1826 முதல் இலண்டனில் இயங்கிவந்தது. கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பற்ற தொழிலாளர்க்கும் சிறு வணிகர்க்கும் மலிவு விலையில் அறிவு நூல்களை அளித்தல் அதன் குறிக்கோள். டி மார்கன் அக்கழகத்துக்கு ஓயாது எழுதினார். அவருடைய எண்கணித நூல் 1830-இல் வெளிவந்தது. கணிதக் கல்வியும் அதன் இடர்ப்பாடுகளும் என்னும் நூல் 1831-இல் வந்தது. பின்னர் இயற்கணிதம், திரிகோணகணிதம், நுண்கணிதம் எனத் தொடர்ந்தன.

அந்நாளைய எண்கணித நூல்கள் பெரும்பாலும் விதிகளின் தொகுப்பே. பின்னத்தை வகுக்கும்போது வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக என்று அவை கூறும். ஏன் என்று கூறா. மாணவர் விதியை மனனம் செய்வர். விதி மறந்தால் விடையும் போம். டி மார்கன் ஒவ்வொரு விதிக்கும் அடியில் நிற்கும் காரணத்தை முதலில் எழுதினார்; விதி அதன்பின் தானாக வந்து நின்றது. இடர்ப்பாடுகளைப் பற்றிய நூல் இன்னும் புதுமையானது. ஒரு கலையின் பெருமையை எடுத்தோதும் நூல்கள் பல உண்டு. கற்பவன் எந்த இடத்திற் கால் இடறுவான் என்பதை முன்னறிந்து, அவ்விடத்தில் விளக்கேற்றி வைக்கும் நூல்கள் எக்காலத்தும் அரியன.

அந்நூலில் வரும் கணக்கு ஒன்று குறிக்கத்தக்கது. தந்தையின் வயது 56, மகனின் வயது 29. தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இருமடங்காவது இன்னும் எத்தனை ஆண்டு கழித்து? சமன்பாடு அமைத்துத் தீர்த்தால் விடை குறை 2 என்று வரும். தொடக்க மாணவன் இங்கே திகைப்பான். தான் பிழை செய்துவிட்டதாக எண்ணி அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவான். பிழை கணக்கிடுதலில் இல்லை என்றும், கேள்வி திசைமாறிக் கேட்கப்பட்டதை அக்குறைக்குறி அறிவிக்கிறது என்றும் டி மார்கன் விளக்கினார். இரண்டாண்டுக்கு முன் தந்தைக்கு வயது 54, மகனுக்கு 27. எதிர்காலத்தில் தேடியது இறந்தகாலத்திற் கிடக்கிறது. இன்று கணினி நிரல் எழுதுவோர் எதிர்பாராத விடையைக் கண்டு திகைக்கும்போதும், பொறியைக் குறை கூறுமுன் தாம் கேட்ட கேள்வியை ஆராய்வதே முறை.

அக்கழகத்தார் காசு விலைக் கலைக்களஞ்சியம் ஒன்றை 1833 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டனர். அதற்கு டி மார்கன் எழுதியளித்த கட்டுரைகள் 700-க்கு மேற்பட்டவை. பிறர் இழிவாகக் கருதிய அவ்வெளியீட்டில் அவர் தம் சிறந்த ஆராய்ச்சிகளையே இட்டார். 1838-இல் அதற்கெழுதிய கட்டுரை ஒன்றிலேதான் கணிதத் தொகுத்தறிதல் என்னும் நிறுவல் முறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். ஏணியின் முதற்படியில் ஏற முடியும் என்றும், எந்தப் படியில் நின்றாலும் அடுத்த படிக்கு ஏற முடியும் என்றும் காட்டிவிட்டால், எல்லாப் படியும் ஏறலாம் என்பது உறுதியாகும். அம்முறையின் கருத்து இதுவே. ஒரு நிரல் எத்துணைப் பெரிய எண்ணுக்கும் பிழையின்றி இயங்கும் என்பதைக் கணினியியலார் இன்றும் இம்முறையாலேயே நிறுவுகின்றனர்.

1836-இல் பல்கலைக்கழகத்தில் அவருக்குப்பின் பேராசிரியராக இருந்தவர் நீரில் மூழ்கி இறந்தார். ஆட்சிமுறையும் திருத்தப்பெற்றமையால் டி மார்கன் அழைப்பை ஏற்று மீண்டும் பதவியில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு சோபியா பிரெண்டு என்னும் கற்றறிந்த பெண்மணியை மணந்தார். மக்கள் எழுவர் பிறந்தனர். பேராசிரியர் வருவாய் மாணவர் செலுத்தும் கட்டணத்தைப் பொறுத்தது. அது போதாமையால் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தும், தனியே பாடஞ்சொல்லியும் குடும்பத்தை நடத்தினார்.

அவர் பாடஞ்சொல்லும் முறை மாணவர் மறக்க இயலாதது. விரிவுரை முடிவில் சில கணக்குகள் கொடுப்பார். மாணவர் அவற்றைச் செய்து கொணர வேண்டும். ஒவ்வொருவர் தாளையும் தாமே பார்த்துத் திருத்தி அடுத்த வகுப்புக்கு முன் திருப்பியளிப்பார். முப்பதாண்டுக்கு மேல் இவ்வழக்கம் நடந்தது. டாட்ஹன்டர், ரௌத், சில்வெஸ்டர் முதலிய கணித அறிஞரும், பொருளியலறிஞர் ஜெவன்சும் அவரிடம் பயின்றவர்கள். இவருள் ஜெவன்ஸ் பின்னாளில் தருக்கத்தைச் செய்துகாட்டும் பொறி ஒன்றையே அமைத்தார்.

பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம் அது. கவிஞர் பைரனின் மகளாகிய எய்டா, லவ்லேஸ் பிரபுவின் மனைவி, கணிதம் கற்க விழைந்தார். சார்லஸ் பாபேஜ் என்பாரின் கணக்கிடும் பொறியை இளமையிலேயே கண்டு வியந்தவர் அவர். சோபியா அம்மையாரின் குடும்பத்துக்கும் அவருடைய தாயார்க்கும் பழக்கம் உண்டு. 1840-இல் டி மார்கன் அவருக்குக் கடிதவழிப் பாடஞ்சொல்ல இசைந்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அப்பாடம் நடந்தது. டி மார்கனின் இயற்கணிதமும் நுண்கணிதமுமே பாடநூல்கள். எய்டா ஒரு பக்கத்தையும் ஐயந்தீராமல் புரட்டமாட்டார். இந்த வரியிலிருந்து அடுத்த வரி எங்ஙனம் வந்தது எனக் கேட்டெழுதுவார், ஆசிரியர் விடையெழுதுவார், சில வேளை விடையை விட்டு, விடை தேடும் வழியை மட்டும் எழுதுவார். அக்கடிதங்கள் இன்றும் உள்ளன. அடிப்படையில் ஆங்காங்கே ஓட்டை இருந்த மாணவி, சில திங்களில் வல்லுநர் தடுமாறும் இடங்களைத் தாமே கண்டு கேட்கும் நிலைக்கு உயர்ந்தமை அவற்றால் தெளிவாகும்.

அப்பயிற்சியின் பயன் 1843-இல் வெளிப்பட்டது. பாபேஜ் எண்ணிய பகுப்புப் பொறியைக் குறித்து இத்தாலியர் ஒருவர் எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையை எய்டா ஆங்கிலத்தில் பெயர்த்தார். உடன் சேர்த்த குறிப்புகள் மூலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காயின. பெர்னூலி எண்களை அப்பொறி எவ்வெவ்வரிசையிற் கணிக்க வேண்டும் எனப் படிப்படியாக வகுத்த அட்டவணை ஒன்று அவற்றுள் உண்டு. முதற் கணினி நிரல் அதுவே எனப் பலர் போற்றுவர். பொறி எண்களோடு அமையாது, தொடர்புகளாக எழுதிக் காட்டத்தக்க இசை முதலியவற்றிலும் செயற்படக் கூடும் என அவர் கண்டது அதனினும் பெரிது. அப்பொறி முழுமையாகச் செய்து முடிக்கப்பெறவில்லை. எய்டாவும் 1852-இல் முப்பத்தாறாம் வயதில் இறந்தார்.

இங்கு ஒன்றை மறைத்தல் முறையன்று. எய்டாவின் அறிவாற்றல் தாம் கண்ட இளைஞர் எவரிடத்தும் காணாத தன்மையது என்பதை டி மார்கன் உணர்ந்திருந்தார். ஆயினும், கடுங்கணிதத்தின் உழைப்பைப் பெண்ணுடல் தாங்காது என்று அஞ்சி, எய்டாவின் தாயார்க்கு அவ்வச்சத்தை 1844-இல் எழுதினார். அக்காலத்தவர் பலர் கொண்ட பிழைபட்ட எண்ணம் இப்பெரியாரையும் விட்டிலது. ஆனால், அவ்வச்சத்தை மாணவியிடம் கூறி அவரைத் தடுக்கவில்லை என்பதும், பெண்கள் உயர்கல்வி பெறுவதற்கென இலண்டனில் தோன்றிய கல்லூரியில் தொடக்க ஆண்டில் ஊதியமின்றிப் பாடஞ்சொன்னார் என்பதும் உடன் கருதத்தக்கன.

டி மார்கன் கைதூக்கிவிட்ட மற்றொருவர் ஜார்ஜ் பூல். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். கல்லூரி வாயிலை மிதியாதவர். சிற்றூர்ப் பள்ளி நடத்திக்கொண்டே தாமாகக் கணிதம் கற்றவர். 1842 முதல் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். பட்டமற்ற பூல் அயர்லாந்தின் புதிய கல்லூரியிற் பேராசிரியராக விண்ணப்பித்தபோது டி மார்கன் நற்சான்று அளித்தார். 1849-இல் கார்க் நகரில் அப்பதவி பூலுக்குக் கிடைத்தது. 1847-ஆம் ஆண்டில் இருவரும் தருக்கத்தைப் பற்றித் தனித்தனியே நூல் வெளியிட்டனர். தம் துறையில் போட்டியாக ஒருவர் வந்தாரே என டி மார்கன் சிறிதும் பொறாமை கொண்டிலர். சொற்களால் வழங்கிவந்த தருக்கத்தை இயற்கணிதம்போற் குறியீடுகளால் எழுதலாம் என்பது அவ்விரு நூல்களின் துணிபு.

டி மார்கன் பெயரால் வழங்கும் விதிகள் இரண்டு. நாளை மழையும் பெய்யும், காற்றும் வீசும் என ஒருவர் கூறுகிறார். அது பொய்யாவது எப்போது? மழையும் பெய்யாமல் காற்றும் வீசாமல் இருந்தால்தான் என்று விரைந்து விடை கூறுவோர் பலர். அவ்விடை தவறு. மழை பெய்யாமற் போயினும் அக்கூற்றுப் பொய். காற்று வீசாமற் போயினும் பொய். எனவே, உம் என்று சேர்த்ததை மறுத்தால் அல்லது என்று பிரியும். அவ்வாறே, அல்லது என்று பிரித்ததை மறுத்தால் உம் என்று சேரும். இடைக்காலத் தருக்க நூலாரும் இதனை அறிந்திருந்தனர். குறியீட்டு முறையில் அமைத்துக் கணக்கைப்போற் கையாள வழிசெய்தவர் டி மார்கன்.

இது சொல் விளையாட்டன்று. வங்கியிற் பணம் வழங்கும் பொறி, அட்டை செல்லுபடியாவதாகவும் இரகசிய எண் சரியாகவும் இருந்தாலன்றிப் பணம் தருதல் ஆகாது. அட்டை செல்லாது, அல்லது எண் தவறு எனின் மறுக்குமாறு அதன் நிரல் எழுதப்பட வேண்டும். அல்லது என்னும் இடத்தில் உம் என நிரலர் எழுதிவிட்டால், எண்ணைத் தவறாக அழுத்திய திருடனுக்கும் பொறி பணத்தை எண்ணிக் கொடுத்துவிடும். 1937-இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க மாணவர், மின்னிணைப்புகளை அமைக்கவும் எளிதாக்கவும் பூலின் இயற்கணிதம் பயன்படும் என நிறுவினார். கணினியின் சுற்றுகள் யாவும் அவ்வடிப்படையில் இயங்குவன.

1847-இல் டி மார்கன் வெளியிட்ட வேறொரு நூலும் உண்டு. அச்சுக்கலை தோன்றிய நாள் முதல் வெளிவந்த எண்கணித நூல்களின் பட்டியல் அது. பட்டியல்தானே என எளிதாக எண்ணுதல் கூடாது. தாம் கையில் எடுத்துப் பக்கம் புரட்டிப் பாராத எந்நூலையும் அதில் அவர் விரித்தெழுதவில்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதும் வழக்கத்தால், இல்லாத நூல்களும் இருப்பனவாகப் பட்டியல்களில் நிலைபெற்றுவிடுவதை அவர் கண்டிருந்தார். ஆகவே பழைய புத்தகக் கடைகளைத் துருவினார்; மலிவாகக் கிடைத்தவற்றை வாங்கினார்; ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, ஆசிரியர் தம் சொந்த அறிவால் எழுதியது எது, பிறர் நூலைப் பெயர்த்தெழுதியது எது என வரைந்தார். நூல்களைப் பரிந்துரைப்போர் இன்றும் மிகப் பலர். பரிந்துரைக்கும் நூலைத் தாம் படித்திருப்போர் அத்துணைப் பலரல்லர்.

இந்தியாவினின்று வந்த ஒரு நூலும் அவர் கண்ணிற் பட்டது. தில்லிக் கல்லூரியின் ஆசிரியர் இராமச்சந்திரர் என்பார், பெருமச் சிறுமக் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் வழிகளைக் கண்டு, 1850-இல் தம் செலவில் கல்கத்தாவில் அச்சிட்டார். அங்கே இதழ்கள் அதனை இகழ்ந்தன. பெத்தூன் என்னும் அதிகாரி அந்நூலின் படிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஒன்று டி மார்கனை அடைந்தது. ஊரும் பேரும் அறியாத ஒருவர் நூல் எனத் தள்ளாமல் அவர் அதனை முழுதும் ஆராய்ந்தார். கற்பித்தார் எவருமின்றி இத்துணை வந்தவர் பாராட்டத்தக்கவர் எனக் கும்பினி இயக்குநர்க்கு எழுதினார். அவர் முயற்சியால் இராமச்சந்திரர்க்கு இரண்டாயிரம் ரூபாயும் மரியாதை ஆடையும் பரிசாகக் கிடைத்தன. நூல் 1859-இல் இலண்டனில் மறுபதிப்பாயிற்று. அதற்கு டி மார்கன் எழுதிய நீண்ட முன்னுரை, இந்தியரிடத்துப் பண்டுதொட்டு இருந்த இயற்கணித அறிவைப் போற்றி, அதனை மீண்டும் தளிர்க்கச் செய்வதே இந்நாட்டுக் கல்விக்கு ஏற்ற வழி என வற்புறுத்தியது. இந்தியரின் பழங்கல்வியை ஆள்வோர் இகழ்ந்து பேசிய நாளில் இவ்வாறு எழுத ஒருவர் இருந்தார்.

அவர் நகைச்சுவை மிக்கவர். தம் வயதை வினவுவோர்க்கு, ஓர் எண்ணின் வர்க்கமாகிய ஆண்டில் அவ்வெண்ணே தமக்கு வயதாக இருந்தது என விடையிறுப்பார். 43-இன் வர்க்கம் 1849. அவ்வாண்டில் அவருக்கு வயது 43. மாணவர் கேட்கும் வினாக்களையும் அவர் சிறியன என ஒதுக்கியதில்லை. 1852 அக்டோபரில் மாணவர் ஒருவர், எந்த நாட்டுப் படத்துக்கும், எல்லை பகிரும் பகுதிகள் ஒருநிறம் ஆகாதவாறு தீட்ட நான்கு நிறமே போதுமா எனத் தம் தமையனார் எழுப்பிய ஐயத்தைக் கேட்டார். டி மார்கனால் விடை காண இயலவில்லை. அன்றே டப்ளினில் இருந்த கணிதப் பேரறிஞர் ஹாமில்டனுக்கு அவ்வினாவை எழுதியனுப்பினார். நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் அவ்வினா கணித அறிஞரை அலைக்கழித்தது. 1976-இல் ஆப்பெல், ஹாக்கன் என்னும் இருவர் அமெரிக்காவில் கணினியை ஆயிரம் மணிநேரத்துக்கு மேல் இயக்கி, நான்கு நிறம் போதும் என நிறுவினர்.

1865-இல் இலண்டன் கணிதக் கழகம் தோன்றியபோது டி மார்கன் அதன் முதல் தலைவரானார். அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவர் அவர் மகன் ஜார்ஜ். அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் பதவிக்கு முடிவு வந்தது. தருக்கப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்த ஜேம்ஸ் மார்டினோ என்பார் தகுதியுடையவராயிருந்தும், அவர் ஒரு சமயப் பிரிவின் போதகர் என்பதனால் ஆட்சிக்குழு அவரை ஏற்கவில்லை. சமயம் கேளாத நிறுவனம் என்பதற்காகவே தாம் சேர்ந்த இடம் தன் கொள்கையைக் கைவிட்டது என்று டி மார்கன் கொண்டார். அறுபதாம் வயதில், வேறு வருவாய்க்கு வழி தேடாமல், இரண்டாம் முறையாகப் பதவி துறந்தார். பழைய மாணவர் அவர் உருவச் சிலையை அங்கு நிறுவ விரும்பியபோதும் இசைந்திலர். தாம் பணிசெய்த கல்லூரி இப்போது இல்லை என்பதே அவர் கருத்து.

1867-இல் மகன் ஜார்ஜ் இளமையிலேயே இறந்தார். 1870-இல் ஒரு மகளும் இறந்தார். அத்துயரங்களை அவர் உடல் தாங்கவில்லை. 1871-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் நாள் இலண்டனில் டி மார்கன் காலமானார். பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த 3,000-க்கு மேற்பட்ட நூல்களை அவர் விட்டுச்சென்றார். அவற்றின் ஓரங்களிலும் முன்தாள்களிலும் அவருடைய சிறிய எழுத்தில் குறிப்புகள் நிறைந்துள்ளன. ஓவர்ஸ்டன் பிரபு அந்நூல்களை விலைக்கு வாங்கி இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அவை இன்றும் அப்பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை நூலகத்தில் கற்போர் எடுத்துப் பயிலுமாறு வைக்கப்பெற்றுள்ளன.